ஆளுக்கொரு வெங்காயம்

லியோன்சியா வார்காயாவின் வலது முட்டி, மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இருநூற்று நாற்பதாவது படியில் வேலைநிறுத்தம் செய்தது. முதுகில் இருபத்தெட்டு கிலோ இருந்தது. பெரிய பூசணித் துண்டு, கேரட், செலரித் தண்டு, நான்கு கட்டுக் கீரை, எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் பையில் கட்டிய கோழி ரத்தம். அவள் விழவில்லை. மெதுவாகப் படியில் உட்கார்ந்து, முட்டியைத் தொடுவதற்கு முன்னால் ரத்தப் பையைத் தொட்டுப் பார்த்தாள். கசியவில்லை. அதற்குப் பிறகுதான் "ஐயோ" என்றாள்.

மேலே இன்னும் எழுபத்தெட்டுப் படிகள் இருந்தன.

அல்தோ மிரதோர் குடியிருப்பு லிமா நகரத்தின் தெற்கு ஓரத்தில், மணலும் கல்லுமான ஒரு மலையின் உச்சியில் இருக்கிறது. ஆட்டோ படிகளின் அடிவாரம் வரைதான் வரும். மலையைச் சுற்றி ஒரு மண் பாதை உண்டு. அதில் ஏறினால் இன்ஜின் போய்விடும் என்று ஆட்டோக்காரர்கள் ஏறமாட்டார்கள். தண்ணீர் லாரி மட்டும் வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, முனகிக்கொண்டே ஏறி வந்து உச்சியில் உள்ள வெட்டவெளியில் திரும்பும். அங்கே இரண்டு பெட்டிக்கடைகள். இரண்டிலும் நூடுல்ஸ், அரிசி, பிஸ்கட், மஞ்சள் சோடா, சூப் கட்டி எல்லாம் கிடைக்கும். தக்காளியும் கிடைக்கும். கீழே சந்தையில் ஒரு கிலோ வாங்குகிற காசுக்கு இங்கே நான்கு தக்காளி, அதில் ஒன்று அமுங்கியிருக்கும். கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களும் படியேறித்தான் சரக்குக் கொண்டுவருகிறார்கள். பிஸ்கட் அழுகாது, தக்காளி அழுகும். அவ்வளவுதான் கணக்கு.

லியோன்சியா இருபத்து மூன்று வயதில் கணவன் எலாடியோவோடு இந்த மலைக்கு வந்தாள். நான்கு நாணல் பாய்களைச் சுவராக நிறுத்தி, கூரையில் தேசியக் கொடி ஒன்றைக் கட்டினால் அது வீடு. அப்போது படிகளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒருவர் வந்து கல் உடைத்து, சிமெண்ட் குழைத்து, ஒவ்வொரு படியாக அவர்களே கட்டினார்கள். வராத வீட்டுக்கு அபராதம். எலாடியோ கொத்தனார் வேலைக்குப் போனார். லியோன்சியா மொத்த விற்பனைச் சந்தையில் உருளைக்கிழங்கு பிரிக்கும் வேலைக்குப் போனாள். பதினொரு வருடம் பிரித்தாள். அழுகியது, வெட்டுப்பட்டது, நல்லது என்று கை தானாகப் பிரிக்கும். அந்த வருடங்களில் சந்தையில் அவளுக்குத் தெரியாத கடை இல்லை. "வாங்க வாடிக்கை" என்று கடைக்காரர்கள் அழைப்பார்கள், "என்ன வாடிக்கை" என்று அவளும் திருப்பிக் கேட்பாள். கொசுறு வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு கிலோ கேரட்டுக்கு அரைக் கிலோ கொசுறு வாங்கிவிட்டு, கடைக்காரரையே நன்றி சொல்ல வைத்துவிடுவாள்.

நோய் வந்து ஊரெல்லாம் வேலை நின்ற வருடத்தில், மலையில் நான்கு பெண்கள் தங்கள் வீட்டில் இருந்ததை ஒரே பானையில் போட்டுச் சமைத்தார்கள். அதில் லியோன்சியாவும் ஒருத்தி. நோய் போனது, பானை நிற்கவில்லை. இப்போது மதியம் எழுபத்து நான்கு தட்டு. ஆரம்பத்தில் அரிசியும் நூடுல்ஸும் சூப் கட்டியும்தான். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து குழந்தைகளின் விரலில் குத்திப் பார்த்தபோது பதினொரு பேருக்கு ரத்தம் குறைவு என்றாள். அதற்குப் பிறகுதான் லியோன்சியா வாரத்துக்கு இரண்டு தடவை சந்தைக்கு இறங்க ஆரம்பித்தாள். பூசணி, கீரை, கேரட். வெங்காயமும் புதினாவும் போட்டு வதக்கிய கோழி ரத்தப் பொரியல். ரத்தத்தை அன்றே சமைத்தாக வேண்டும். அதனால்தான் படிகளில் அவள் எங்கேயும் நின்று பேசமாட்டாள். கடைசியாக நர்ஸ் குத்திப் பார்த்தபோது ரத்தம் குறைந்த குழந்தைகள் நான்கு பேர்தான்.

முட்டியைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுக்காரர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, "இனிமே பாரம் தூக்கக் கூடாதும்மா" என்றார்.

"எவ்வளவு வரைக்கும் தூக்கலாம்?"

"தூக்கக் கூடாதுன்னேன்."

"பத்து கிலோ?"

"அம்மா, இறங்குறப்போ உங்க உடம்பே பாரம்தான்."

பானைப் பெண்கள் சந்தைக்குப் போக முறை வைத்துப் பார்த்தார்கள். முதல் வாரம் போன பெண் அழுகிய கேரட்டை நல்ல விலைக்கு வாங்கி வந்தாள். இரண்டாவதாகப் போனவளுக்கு யாரும் கொசுறு கொடுக்கவில்லை, பாதிப் பை காலி. மூன்றாவது ஆள் போகவே இல்லை, அவளுக்கு வேலை. மூன்று வாரத்தில் பானையில் மறுபடி நூடுல்ஸ் மிதந்தது. லியோன்சியா அதைக் கிளறிக்கொண்டே, "இதுக்குத்தானா ரெண்டு வருஷம் ஏறினேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அபுந்தியோவின் நினைவு வந்தது. அபுந்தியோவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அதில் காய்கறி ஏற்றி மலைமலையாக விற்பவர். வேன் மேலே ஒரு ஒலிபெருக்கி. அதில் அவர் மனைவியின் குரல்: "வந்தாச்சு, வந்தாச்சு, பூசணி, பீட்ரூட், பச்சைக் கீரை, ஓடி வாங்க, இல்லேன்னா பக்கத்து வீட்டம்மா வாங்கிருவா." லியோன்சியா மெதுவாகப் படியிறங்கி, ஆட்டோ பிடித்துப் போய் அவரைச் சந்தை வாசலில் பார்த்தாள்.

"உங்க மலையா? அந்தப் பாதையில தண்ணி லாரியே அழுதுக்கிட்டுல்ல ஏறுது" என்றார் அபுந்தியோ.

"உங்க வேன் அழாது. எனக்குத் தெரியும்."

"எத்தன வீடு?"

"அறுபது. எல்லாருக்கும் வாய் இருக்கு."

அபுந்தியோ பெட்ரோல் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்த்தார். "சனிக்கிழமைதான் எனக்கு ஒழியும். மூணு தடவ வர்றேன். மூணாவது தடவயும் வேன்ல பாதி மிச்சமிருந்தா, அப்புறம் நம்ம ரெண்டு பேரும் சந்தையில மட்டும்தான் பாத்துக்குவோம்."

லியோன்சியா கை கொடுத்தாள். வேன் தொடர்ந்து வந்தால் பானைக்கு வாசலிலேயே காய் கிடைக்கும். வராவிட்டால் நூடுல்ஸ். நடுவில் வேறு ஒன்றும் இல்லை.

முதல் சனிக்கிழமை ஒன்பது வீடுகள் வாங்கின. மற்றவர்கள் வந்து பார்த்தார்கள், பீட்ரூட்டைத் தட்டினார்கள், கீரையை முகர்ந்தார்கள், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அபுந்தியோ ஒன்றும் சொல்லாமல் தார்ப்பாயை மூடினார். அது லியோன்சியாவுக்குத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு, குடியிருப்புக் கூட்டம். அல்தோ மிரதோரில் எதற்கும் அபராதம் உண்டு. படி வேலைக்கு வராவிட்டால் அபராதம். கூட்டத்துக்கு வராவிட்டால், வந்து தாமதமானால், நாயை அவிழ்த்துவிட்டால், குப்பையைச் சரிவில் கொட்டினால், எல்லாவற்றுக்கும் உண்டு. தலைவர் கிரிமால்டோ கழுத்தில் விசில் தொங்கவிட்டு, கையில் பெயர்ப் பட்டியலோடு நிற்பார். அந்த மலையில் படி வந்ததும், கரண்ட் வந்ததும், வெட்டவெளி சமமானதும் அந்தப் பட்டியலால்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். பெரும்பாலும் உண்மையும் அதுதான். அதனால் லியோன்சியா கையைத் தூக்கி எழுந்தபோது அவள் சொன்னது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

"சனிக்கிழமை வேன்ல காய் வாங்காத வீட்டுக்கு அபராதம் போடணும்."

"எவ்வளவு?" என்றார் கிரிமால்டோ, பேனாவைத் திறந்தபடி.

"படி வேலைக்கு வராததுக்கு எவ்வளவோ, அதே."

பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல்: "வாங்கலேன்னா அபராதம், சரி. சாப்பிடலேன்னா ஜெயிலா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிரிமால்டோ விசிலை ஊதினார். "கூட்டத்துல சிரிக்கறதுக்கும் ஒரு அபராதம் போட வச்சிராதீங்க. கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. நாற்பத்தைந்துக்கு மேல். தீர்மானம் நிறைவேறியது.

இரண்டாவது சனிக்கிழமை அபுந்தியோ பாதை முடிவில் வேனைத் திருப்பியபோது, வெட்டவெளியில் வரிசை நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார். லியோன்சியா பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல், மடியில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள்.

வரிசையில் முதல் ஆள் வந்தாள். "ஒரு வெங்காயம்."

"ஒரு கிலோ, சரி வாடிக்கை."

"கிலோ இல்லண்ணா. ஒண்ணு." அவள் லியோன்சியா பக்கம் திரும்பினாள். "பேர டிக் பண்ணிக்கோ அக்கா. அண்ணா, கொசுறு?"

அபுந்தியோ அவளையும் அந்த ஒற்றை வெங்காயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா?"

"வாங்கினேன்ல? வெறுங்கையோடயா அனுப்புவீங்க? போணி பாருங்க, நான்தான் மொத ஆளு."

முதல் போணியில் கொசுறு மறுத்தால் அன்றைய வியாபாரம் உருப்படாது என்று அந்தச் சந்தையில் எந்தக் கடைக்காரரும் நம்புவார். அபுந்தியோ நான்கு கொத்து கொத்தமல்லியை எடுத்துக் கொடுத்தார். அதை வரிசை முழுவதும் பார்த்தது.

அடுத்தவளுக்கும் ஒரு வெங்காயம், ஒரு பிடி கொத்தமல்லி. அதற்கடுத்தவளுக்கும் அதேதான். ஒருவர் எலுமிச்சை ஒன்று கேட்டார். அது கொஞ்சம் மாறுதலாக இருந்தது. அவருக்கும் கொத்தமல்லி. கொசுறு தர மறுத்தால் கேட்டவருக்கு அது முகத்தில் அடித்தது போல. இருபத்தாறு வருடம் வியாபாரம் செய்தவர் யார் முகத்திலும் அடிக்கமாட்டார். லியோன்சியா டிக் போட்டுக்கொண்டே போனாள். நாற்பதாவது டிக்கில் அபுந்தியோவை நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்தினாள்.

ஐம்பத்து மூன்று டிக்குகள். வேனில் பூசணி அசையாமல் கிடந்தது, பீட்ரூட் சாக்கு கட்டிய வாயோடு நின்றது, கீரை வாட ஆரம்பித்திருந்தது. கொத்தமல்லி மட்டும் தீர்ந்திருந்தது.

"இருபத்தாறு வருஷம்மா" என்றார் அபுந்தியோ, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டே. "கொத்தமல்லி மட்டும் தீந்துபோய், வேன் நிறைய சரக்கோட திரும்புறது இன்னிக்குத்தான். நான் வியாபாரம் பண்ண வந்தேனா, கொத்தமல்லி தானம் பண்ண வந்தேனா?"

"அண்ணா, அடுத்த வாரம்…"

"உங்க லிஸ்ட்ட நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்க." வேன் தூசியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது.

லியோன்சியாவுக்குக் கோபம் வந்தது. அதை யார்மேல் போடுவது என்று தெரியாமல் திரும்பினாள். கடைசியாக வாங்கிய செனாய்தா இன்னும் அங்கே நின்றிருந்தாள். கையில் ஒரு வெங்காயம், காதோரம் பூ மாதிரிச் செருகிய கொத்தமல்லி. அவள் மகளுக்கு மூன்று வயது. ரத்தம் குறைந்த அந்த நான்கு குழந்தைகளில் அதுவும் ஒன்று.

"காதுல பூ வேற" என்றாள் லியோன்சியா. "நர்ஸ் உன் பொண்ணு விரல்ல குத்திட்டு என்ன சொன்னா? நீ ஒத்த வெங்காயத்த வாங்கிட்டு நிக்கற. வெக்கமா இல்ல உனக்கு?"

செனாய்தா கொத்தமல்லியைக் காதிலிருந்து எடுத்தாள். "வா" என்றாள்.

"எங்க?"

"வான்னு சொல்றேன்ல. முட்டி வலிச்சா புடிச்சுக்க."

செனாய்தாவின் வீடு வெட்டவெளியிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டு. வாசலில் நீல பிளாஸ்டிக் பீப்பாய். அவள் மூடியைத் தூக்கினாள். "குனி."

லியோன்சியா குனிந்தாள். அடியில் நான்கு விரற்கடை தண்ணீர் இருந்தது. அதில் ஒரு கொசுப்புழு நெளிந்தது.

"இன்னிக்கு சனி. லாரி வர்றது செவ்வாய். அதுவும் அவன் மனசு வச்சா. இதுல நான் குடிக்கணும், சமைக்கணும், பாப்பா முகம் கழுவணும். நீ சொல்ற கீரைய வாங்கினா, மண்ணு போக மூணு தண்ணி அலசணும். எதுல அலச? எச்சில்லயா?"

செனாய்தா மூடியைத் திரும்ப வைத்து அழுத்தினாள்.

"நூடுல்ஸுக்கு ஒரே தண்ணி. அந்தத் தண்ணியையும் சூப்புன்னு குடிச்சிரலாம். எனக்கு என்ன, பீட்ரூட் தெரியாதா? தின்ன ஆசை இல்லையா? நீ பொதுப் பானைக்குன்னு வச்ச தண்ணி டேங்க்கு சாவிய கழுத்துல மாட்டிருக்க. லாரி வந்தா மொத தண்ணி உனக்கு. மதியச் சாப்பாடும் அங்கதான், கை கழுவறதும் அங்கதான். உன் வீட்டுக்காரர் குளிக்கறது வேலை செய்யற இடத்துல. உன் பீப்பாய் மூடிய நீ கடைசியா எப்போ தொறந்த?"

லியோன்சியாவுக்கு உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் பீப்பாயைத் திறந்து பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. மூடியை மறுபடி வைத்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள். சனிக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்து அபுந்தியோவுக்குக் கை கொடுத்தவள் அவள்தான். வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், தண்ணீர் இல்லை. காய் வாங்கவில்லை என்றதும் சோம்பல் என்று நினைத்து அபராதம் போட்டவளும் அவளேதான்.

திங்கட்கிழமை விடிந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, பக்கவாட்டில், ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். முந்நூற்றுப் பதினெட்டுப் படிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனபோது அபுந்தியோ சந்தை வாசலில் வேனில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவன்னு சொன்னீங்க. ரெண்டுதான் ஆச்சு" என்றாள்.

"போன தடவய ரெண்டாக் கணக்கு வச்சுக்கிட்டேன். கொத்தமல்லிக்கு ஒண்ணு."

"நாளைக்கு வாங்கண்ணா. செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய் எனக்கு வேற மலை."

"அங்க கொசுறு கேக்கறதில்லையா?"

"அங்க ரெண்டு கிலோ வாங்கிட்டுக் கேக்கறாங்க வாடிக்கை!"

அவள் பீப்பாய் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், தன் தப்பையும் சேர்த்துச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை லாரி ஒன்பது மணிக்கு வரும், அன்றைக்குத்தான் எல்லா வீட்டிலும் ஒருவர் வாளியோடு வெளியே நிற்பார், அன்றைக்குத்தான் கழுவத் தண்ணீர் இருக்கும் என்றாள். அபுந்தியோ முட்டைக்கோஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அவள் முட்டியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார்.

"இதோடயா இறங்கி வந்தீங்க?"

"பறந்தா வர முடியும்? ஆட்டோவும் மேல ஏற மாட்டேங்குதே."

"பதினோரு மணி வரைக்கும் நிப்பேன். பதினொண்ணரைக்கு நான் அடுத்த மலையில இருக்கணும். லிஸ்ட் எடுத்துட்டு வந்தீங்கன்னா அப்பவே திரும்பிருவேன்."

மலைக்குத் திரும்பி அவள் கேட்டபோது கிரிமால்டோ பட்டியலைப் புரட்டிப் பார்த்து, அபராதம் சனிக்கிழமைக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறது, செவ்வாய்க்கு எழுதவில்லை, எனவே செவ்வாய் தன் பொறுப்பில் வராது என்றார். லியோன்சியாவுக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை காலை மலையில் ஈரமான பனிமூட்டம். எட்டரைக்கே ஒலிபெருக்கிக் குரல் கேட்டது: "ஓடி வாங்க, இல்லேன்னா பக்கத்து வீட்டம்மா வாங்கிருவா." ஆட்கள் பீப்பாய் பக்கத்தில் வாளிகளோடு நின்றார்கள். வேனைப் பார்த்தார்கள். யாரும் ஓடி வரவில்லை.

"லாரி வரட்டும் அக்கா. தண்ணி புடிச்சிட்டு வாங்கறோம்."

ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. பத்து மணிக்கு யாரோ லாரிக்காரருக்குப் போன் போட்டார்கள்.

"டயர் பஞ்சராம்."

"போன தடவயும் டயர்தான். அவன் லாரிக்கு எத்தன டயரு, மரவட்டையா அது?"

அபுந்தியோ வேன் படியில் உட்கார்ந்து, போனில் மணி பார்த்தார். பீட்ரூட்டின் மேல் ஈரம் முத்து முத்தாகக் கோத்திருந்தது. பத்து இருபது. லியோன்சியா பானைக் கொட்டகையின் பக்கத்தில் நின்ற கறுப்பு டேங்க்கைப் பார்த்தாள். அதில் ஒரு பெரிய தொட்டி அளவுத் தண்ணீர்தான் இருந்தது. இன்றைய சமையலுக்கு எடுத்தாகிவிட்டது, மிச்சம் நாளைக்கு. இதையும் திறந்துவிட்டு, லாரியும் வராவிட்டால் நாளை பானை ஏறாது. எழுபத்து நான்கு தட்டு. பானைத் தண்ணீரை வீட்டுக்குத் திறந்துவிட்டால் இரட்டை அபராதம் என்று ஒரு விதியும் இருந்தது. போன வருடம் ஒருத்தி அதில் துணி துவைத்தபோது, அந்த விதியை எழுத வைத்தது லியோன்சியா.

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். பூட்டைத் திறந்து, பெரிய அலுமினியத் தொட்டியைக் குழாயின் கீழே இழுத்து வைத்தாள்.

"கீரையோ பீட்ரூட்டோ கேரட்டோ, எது வாங்கினாலும் இங்கயே அலசிட்டுப் போங்க" என்று சத்தமாகச் சொன்னாள். "ஒரே தொட்டித் தண்ணிதான். கிழங்குக்காரங்க கடைசியில அலசுங்க, மண்ணு போட்டுராதீங்க. வீட்டுக்கு ஒரு வாளி தர முடியாது, கேக்காதீங்க."

முதலில் செனாய்தா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேன் பக்கம் நடந்தாள். "ரெண்டு கட்டுக் கீரை. ஒரு கிலோ பீட்ரூட். அந்தப் பூசணில ஒரு துண்டு, இல்ல, பெருசா வெட்டுங்கண்ணா, என்ன அழகு பாக்கறீங்க?"

அபுந்தியோ கத்தியை எடுத்தார். அதற்குப் பிறகு அவருக்கு உட்கார நேரம் இல்லை.

தொட்டியைச் சுற்றிப் பெண்கள் குந்தி உட்கார்ந்து அலசினார்கள். தண்ணீர் பச்சையாகி, பிறகு சிவப்பாகி, கடைசியில் சேறானது. அதையும் ஒருத்தி தன் ஜெரேனியம் செடிக்கு என்று வாளியில் மொண்டுகொண்டு போனாள். அந்த நேரம் விசில் சத்தம் கேட்டது. கிரிமால்டோ படியில் வேகமாக ஏறி வந்தார்.

"டேங்க்க யாரு தொறந்தது?"

"நான்தான். எழுதிக்கோங்க" என்றாள் லியோன்சியா.

"ரெட்டை அபராதம் இதுக்கு. உனக்கே தெரியும்."

"ரெட்டையா எழுதுங்க. எழுதிட்டு வரிசையில நில்லுங்க, பீட்ரூட் தீரப்போகுது."

கிரிமால்டோ எழுதினார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

பதினோரு மணிக்கு வேனில் கால்வாசி சரக்குதான் மிச்சம். லியோன்சியா பானைக்கு வேண்டியதை வாங்கி ஓரமாக வைத்தாள். அபுந்தியோ தார்ப்பாயைக் கட்டிவிட்டு, அவளைப் பார்த்தார்.

"வாடிக்கை, கொசுறு கேக்க மறந்துட்டீங்க."

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அடுத்த செவ்வாய்க்குச் சேத்து வாங்கிக்கறேன்" என்றாள்.

அவர் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "ரத்தம் எங்க வாங்குவீங்க, சந்தையில?" என்று மட்டும் கேட்டார். அவள் கோழிக்கடையின் பெயரைச் சொன்னாள். வேன் இறங்கிப் போனது.

டேங்க்கின் அடியில் தட்டினால் வெறும் சத்தம் வந்தது. லியோன்சியா மதியச் சாப்பாட்டைப் பரிமாறினாள், பாத்திரங்களை மணல் போட்டுத் துடைத்தாள், பிறகு பாதை தெரியும் இடத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். லாரி வராவிட்டால் நாளை காலை ஒவ்வொரு வீடாகப் போய், பானை இல்லை என்று அவளே சொல்ல வேண்டும். இரண்டு மணிக்கு லாரி இல்லை. மூன்று மணிக்கும் இல்லை. செனாய்தா வந்து பக்கத்தில் நின்றாள். நாலேகாலுக்குக் கீழே முதல் வளைவில் முனகல் கேட்டது.

"வருது" என்றாள் செனாய்தா.

"கேக்குது" என்றாள் லியோன்சியா. எழுந்திருக்கக் கை நீட்டினாள், செனாய்தா பிடித்துத் தூக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கிரிமால்டோ பட்டியலை வாசித்தார். "லியோன்சியா வார்காயா, பானைத் தண்ணியைத் தொறந்ததுக்கு, ரெட்டை." அவள் எழுந்து வந்து கட்டினாள். காய் வாங்காததற்கான அபராதத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது, வெங்காயம் ஒன்று வாங்கினால் போதும் என்று யார் சொன்னது என்பதில் கால் மணி நேரம் சண்டை நடந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். பின்வரிசைக் குரல், "அப்ப நான் ஜெயிலுக்குப் போக வேண்டாமா?" என்று கேட்டது. இந்தத் தடவை கிரிமால்டோ விசில் ஊதவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை லியோன்சியா கொட்டகையில் உருளைக்கிழங்கு பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டே முக்காலுக்குக் கீழே லாரியின் ஹாரன் கேட்டது. அவள் கை நிற்கவில்லை. அழுகியது, வெட்டுப்பட்டது, நல்லது. இன்னொரு வளைவு. ஹாரனுக்குப் பின்னால், பனிமூட்டத்துக்குள்ளிருந்து, மெலிதாக ஒரு பெண் குரல் யாரையோ ஓடி வரச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு ஹாரன்களும் சேர்ந்து அலறின. குறுகலான வளைவில் லாரி முன்னால், வேன் பின்னால், இரண்டும் ஏற முடியாமல் நின்றன. இரண்டு டிரைவர்களும் ஒருவரை ஒருவர் திட்டுவது மேலே வரைக்கும் கேட்டது. பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு பாதையில் இறங்கினார்கள்.

லியோன்சியா சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி, கடைசியாக இறங்கினாள். அபுந்தியோ ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ரத்தம் ஐஸ்ல வச்சுக் கொண்டுவந்திருக்கேன். சீக்கிரம் எடுத்துட்டுப் போய் அடுப்புல ஏத்துங்க, மணி ஆகுது."

"சரி. என் கொசுறு?"

"அம்மாடி, மொதல்ல வண்டிய விட்டு இறங்க விடுங்க!"